நாற்பத்தொன்றாம் பக்கம்

ஸ்கேன் எடுத்த கோப்பில் நாற்பதாம் பக்கம் வரை ஒரு வம்பும் இல்லை. அடுத்த பக்கத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். திரையின் அம்பு நின்ற இடத்தில் நிற்கும். மூலையிலிருக்கும் மணி நகராது. பிளக்கைப் பிடுங்கினால்தான் விடிவு.

ஆவணக் காப்பகத்து அம்மாள் இதைச் சொல்லிவிட்டு, முன்பே நான்கு மெக்கானிக்குகள் வந்து கையை விரித்துவிட்டுப் போனார்கள் என்றார். அவர்களின் வேலைச் சீட்டுகள் சுவரில் ஓர் ஆணியில் குத்தியிருந்தன. நான்கிலும் கடைசிக் கட்டத்தில் டிக்: சரிசெய்ய இயலாது.

"நீயாவது உருப்படியா ஏதாவது பண்ணு தம்பி. நாலரைக்குப் பூட்டணும். விசாரணை ஆபீஸ் வண்டி அதுக்குள்ள வந்துடும்."

ஐந்தாவதாக வந்த அவன் தலையாட்டினான். அது எதைப் பற்றிய கோப்பு என்று தனக்குத் தெரியும் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு துணி ஆலையில் லிப்ட் அறுந்து விழுந்தது. மூன்று பேர் போனார்கள். முந்தின நாள் வடத்தைச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் யார் என்பது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. சோதகர்கள் இரண்டு பேர். ஒருவர் அவனுடைய அக்காவின் கணவர். அன்றைக்கு அந்தத் திசைக்கே போகவில்லை என்று மச்சான் சாதிக்கிறார். நாளைக்குத் தீர்ப்பு.

காலையில் அக்கா போனில் பேசினாள். அழவில்லை. பொய் சொல்லச் சொல்லவுமில்லை.

"திறக்கலைன்னா திறக்கலைன்னு எழுதிக் குடுடா. முன்னாடி நாலு பேர் எழுதிக் குடுக்கலையா?"

அவன் கோப்பைத் திறக்கும் ரீடர் புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். உறைந்தது. பழைய பதிப்பைப் போட்டான். உறைந்தது. கோப்பை நகலெடுத்துத் தன்னுடைய லேப்டாப்பில் திறந்தான். அதுவும் மூச்சு விடாமல் நின்றது. மூலக் காகிதத்தைக் கேட்டான். ஸ்கேன் எடுத்த மாதமே அது கூழாக்கப் போய்விட்டது என்றார் அம்மாள்.

பக்கத்தைக் காட்டாமல், அதில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பட்டியல் போடும் ஒரு சின்ன புரோகிராம் அவனிடம் இருந்தது. அதை ஓட்டினான். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே வரி. வெள்ளைப் பெட்டி. வெள்ளைப் பெட்டி. வெள்ளைப் பெட்டி. நாற்பதாயிரத்துச் சொச்சம். ஒரே பெயரின் மேல், ஒன்றின் மேல் ஒன்றாக. கம்ப்யூட்டர் சும்மா நிற்கவில்லை. வெள்ளையின் மேல் வெள்ளை பூசிக்கொண்டிருந்தது.

பெட்டிகளைப் பற்றி அவன் கேட்டதும் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாற்காலியில் முன்பு இருந்த பெரியவரின் வேலை அது. கையெழுத்துப் போட்டவர் பெயர் வெளியாள் கண்ணில் படக்கூடாது என்று பெட்டி வைத்து மறைப்பார். பழைய கம்ப்யூட்டர் நத்தை. பக்கத்தைத் திறந்தால் முதலில் பெயர் தெரியும், பிறகுதான் பெட்டி வந்து மூடும். அந்தக் கண்ணிமைப்பு அவருக்குப் பொறுக்காது. மேலே இன்னொரு பெட்டி வைப்பார். பெட்டி கூடக்கூடத் திரை இன்னும் மெதுவாகும், பெயர் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.

"எட்டிப் பாக்குறான், எட்டிப் பாக்குறான்னு புலம்புவாரு. பூட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தத் திறந்து நூறு பெட்டி வச்சாத்தான் வீட்டுக்குக் கிளம்புவாரு. பாவம், போய்ச் சேர்ந்து பத்து மாசம் ஆச்சு."

"அதுக்கப்புறம் யாரு வச்சது மேடம்?"

"யாரு வைப்பா? நானா? எனக்கு அதத் திறக்கவே வராது."

அவன் பட்டியலின் அடியைப் பார்த்தான். பத்து மாதம் முன்பு வரை ஒரு மாலைக்கு நூறு, இருநூறு. பிறகு நாளுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. நேரம் எப்போதும் 4:10. கடைசிப் பெட்டியில் இன்றைய தேதி. அதிலும் 4:10.

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. கம்ப்யூட்டரும் அதையே காட்டியது.

அம்மாளிடம் சொல்லவில்லை. பெட்டிகளைக் கூண்டோடு அழிக்கும்படி ஏவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முப்பதாயிரம். பத்தாயிரம். நூறு. ஒன்று. அந்த ஒன்று போக மறுத்தது. பட்டியலில் இருந்தது, நேரம் வராததால் பக்கத்தில் இன்னும் ஏறவில்லை.

நாற்பத்தொன்றைத் திறந்தான். திறந்தது.

பெயரைப் படிக்கவே தேவையில்லை. கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கி, பெயர் முழுவதையும் சுற்றிக்கொண்டு மேலே ஏறும் கோடு. அப்பா போன பிறகு அவனுடைய மதிப்பெண் அட்டைகளில் அப்பாவின் இடத்தில் மச்சான் போட்ட கோடு அது.

போன் அதிர்ந்தது. அக்கா.

எடுக்கக் கையை நீட்டியபோது அதிர்வு பாதியில் நின்றது. திரையில் அக்காவின் பெயர் அணையாமல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரே இடத்தில் துடித்தது. 4:09. ஜன்னலருகே அம்மாள் சாவிக்கொத்தைப் பாதி தூக்கியிருந்தார். கொத்திலிருந்து நழுவிய ஒரு சாவி கீழே வந்து சேரவில்லை. வெளியே தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

திரையில் அம்பு மட்டும் உயிரோடிருந்தது. இப்போது அது அம்பாக இல்லை. பெட்டி வரையும் கூட்டல் குறி. அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெயரின் இடது மூலையில் வந்து காத்திருந்தது. மவுஸை அழுத்தி ஒரு சாண் இழுத்தால் போதும். மவுஸ் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையெடுத்தாற்போல.

நான்கு சீட்டுகளையும் பார்த்தான். ஐந்தாவது அவன் சட்டைப்பையில் இருந்தது. அழிக்க முடியாத அந்தப் பெட்டி ஏறிவிட்டால் பெயர் மறுபடி மூடிக்கொள்ளும், சரிசெய்ய இயலாது என்று எழுதும் சீட்டில் பொய்யும் இருக்காது.

மவுஸிலிருந்து வலது கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தான் என்று சொல்ல வழியில்லை. முள் துடித்தது. 4:09. அந்த மூன்று பேரின் பெயர்கள் நாற்பதாம் பக்கத்தில் இருந்தன. அவற்றை யாரும் மறைக்கவில்லை.

இடது கையால் பிரிண்ட் கொடுத்தான்.

பிரிண்டர் இருமியது. சாவி தரையில் விழுந்தது. தெரு இரைந்தது. மூலையில் மணி 4:11.

"என்ன தம்பி, வந்துடுச்சா?"

அம்மாள் சூடு ஆறாத தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் எந்தப் பெயருக்குப் பயந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது, யாரென்றுதான் தெரியவில்லை என்றார். அவன் பட்டியலைப் பார்த்தான். காலியாக இருந்தது. சீட்டை எடுத்து, சரிசெய்யப்பட்டது என்ற முதல் கட்டத்தில் டிக் போட்டான்.

போன் விட்ட இடத்திலிருந்து அதிர்ந்தது. எடுத்தான்.

"திறக்கலதானேடா?"

"திறந்துடுச்சுக்கா."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இணைப்பு அறுந்திருக்கவில்லை, அழைப்பின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.