சாலையைக் கடந்த காளை

எங்கள் பண்ணை வாசலில் மஞ்சள் பலகை ஒன்று தொங்கியது. கால்நடை எதுவும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. அதன் கீழே மருந்துத் தண்ணீர்த் தொட்டி, ஒரு பிரஷ். சாலையோரத்துத் தபால் பெட்டிவரை போவதற்கும் நான் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் தென்கோடியில் ஜூன் என்றால் குளிர்காலம்; விரல் விறைக்க விறைக்கக் கழுவினேன். யாரைத் திட்டுவது? வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவள் நான்தான்.

அந்த ஓணான் ஒரு காளை. ட்ரெவர் என்று பெயர். சந்தையில் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கினேன். அது பிறந்து வளர்ந்த பண்ணையில் மாட்டு நோய்க்கிருமி இருந்ததென்று பிறகுதான் தெரிந்தது. மனிதரை ஒன்றும் செய்யாது. மாட்டின் முட்டியை வீங்க வைக்கும், மடியைக் கெடுக்கும், கன்றின் நெஞ்சை அடைக்கும். எங்கள் நாட்டில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் போட்ட பொத்தான் இருக்கிறது. ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு மாடு போனால் இரண்டு நாளைக்குள் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ட்ரெவரின் எண்ணைப் பிடித்துக்கொண்டு, வெல்லத்தைத் தேடும் எறும்புபோல நேராக என் சமையலறைக்கே வந்துவிட்டார்கள்.

வந்தவர் விரெமு, அரசாங்கக் கால்நடை மருத்துவர். பொறுமையான மனிதர். பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் காளை உங்க இடத்தை விட்டு வேற எங்கயாவது போச்சா ரேவின்? ஒரு நாள், ரெண்டு நாள்? சும்மா வேலி தாண்டிக்கூட?"

"இல்லை" என்றேன்.

என் கணவன் கிரேம் டீக் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

போனதுதான். ஜனவரியில், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் லாக்லனின் காளை நொண்டிப் படுத்துவிட்டது. "உன் தடியனை ஒரு மூணு வாரம் அனுப்பேன், பொண்ணே" என்றார். இரண்டு கேட்டையும் திறந்து, தீவன வாளியை ஆட்டிக்கொண்டே நானே நடத்திக்கொண்டு போய் விட்டேன். திரும்பி வரும்போது ஒரு பெட்டி பீரோடு வந்தது. இதையெல்லாம் யார் பதிவார்கள்? எங்கள் சவுத்லாந்துப் பக்கம் காளை சாலையைக் கடப்பது, அடுத்த வீட்டில் அரைக் கப் சர்க்கரை கடன் வாங்குவது மாதிரி.

அப்படியென்றால் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? இரண்டு வருஷம் முன்னால் ஆறு பெருகி எங்கள் கறவைக் கொட்டகைக்குள் புகுந்தபோது, எங்கள் முந்நூறு பசுக்களையும் பதினோரு நாள் தன் கொட்டகையில் கறந்துவிட்டவர் லாக்லன். தன் பசுக்களைக் காக்க வைத்துவிட்டு எங்களுடையதைக் கறந்தார். அவருடைய ஜெர்சி மந்தை நாற்பது வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சம். நான் வாயைத் திறந்தால், நோய் பரவாமலிருக்க ஒன்று விடாமல் கொன்றுவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை.

சாலையோரப் பண்ணை எல்லாவற்றிலும் பால் சோதனை செய்தார்கள். அவர் பாலில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "இந்தக் கிருமி நல்லா ஒளிஞ்சுக்கும்" என்று விரெமு சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

ஆகஸ்டில் என் கன்றுகள் இருமத் தொடங்கின. சிலதுக்கு ஒரு பக்கக் காது தொங்கி, தலை கோணிக்கொண்டது. செப்டம்பரில் முடிவு வந்தது, எல்லாவற்றையும் வெட்டுக்கு அனுப்ப வேண்டும். லாரியின் சரிவுப் பலகை அருகே நின்று, பொத்தான் எண்ணைப் படிக்கும் கோலை ஒவ்வொரு காதாக நானே நீட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பீப்'. அன்றைக்கு அழுத அழுகை என் அப்பா செத்தபோதுகூட அழுததில்லை. அதற்குப் பிறகு கறக்கப் பசு இல்லாமல், கிரேம் வெறும் கொட்டகையையே தினமும் கழுவிக்கொண்டிருந்தான்.

லாக்லன் எங்களைக் கைவிடவில்லை. பலகை மாட்டிய நாளிலிருந்தே தினமும் காலையில் எங்கள் தபால் பெட்டியில் சீஸ் ரோல் வைத்துவிட்டுப் போவார், சீஸ் வைத்துச் சுருட்டி வெண்ணெய் தடவிய ரொட்டி, சுடச்சுட, தாளில் சுற்றி. எதிர்க் கேட்டில் சாய்ந்துகொண்டு கத்துவார்.

"தின்னுட்டுத் தெம்பா இரு பொண்ணே! இளைச்சு ஈர்க்குச்சி ஆயிட்டே!"

"உங்க வெண்ணெயைத் தின்னா ஈர்க்குச்சி எங்க ஆகறது?" என்று நானும் கத்துவேன். ஆனால் வாயில் போட்டால், மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் அவர் முகம் பிரகாசமாக இருந்தது. "முப்பத்தெட்டு கிடேரிக் கன்னு, ரேவின்! ஆறு பண்ணைக்காரங்க சண்டை போட்டு வாங்கியிருக்காங்க. வியாழக்கிழமை லாரி வருது."

உள்ளே ஓடிப்போய் கிரேமிடம் சொன்னேன்.

"சொன்னா அவர் மந்தை போகும். சொல்லலைன்னா ஆறு மந்தை போகும் கிரேம்!"

"அவர் பால் சுத்தம்னு அவங்களே சொல்லிட்டாங்கல்ல? நீ எதுக்கு வலியப்போய் நோண்டறே? நாம சொன்ன பொய்யும் வெளிய வரும். வாயை மூடிட்டு இரு."

மூடிக்கொண்டுதான் இருந்தேன், வியாழக்கிழமைவரை.

அன்று லாரி வந்தது. என் பூட்ஸோடு கிருமி போய்விடக்கூடாதென்று என் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கன்றுகள் துள்ளித் துள்ளி ஏறின. ஐந்தாவதோ ஆறாவதோ, ஒன்று மட்டும் துள்ளவில்லை. ஒரு பக்கக் காது தொங்கியது. தலை கோணியிருந்தது.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் கையிலிருந்த சிகரெட்டையே கீழே போட்டுவிட்டார்.

லாக்லன் சாலையைக் கடந்து வந்தார். "எதுக்குக் கத்தறே? கன்னு மிரளுது."

"அந்தக் கன்னு காதைப் பாருங்க."

"ஏதாவது கடிச்சிருக்கும்."

"கடிக்கலை. என் கன்னுங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ட்ரெவர் உங்ககிட்ட மூணு வாரம் இருந்தான், லாக்லன். அவங்க கேட்டப்போ நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ சொல்லியிருந்தா அன்னிக்கே என் வாசல்லயும் பலகை மாட்டியிருப்பாங்களே. தினமும் எழுந்ததும் முதல்ல கேட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். பலகை இல்லைன்னா, சரி, இன்னிக்கும் அவ சொல்லலைன்னு அடுப்பைப் பத்த வைப்பேன். ரொட்டி எதுக்குக் கொண்டு வந்தேன்னு நினைச்சே? பாசமும்தான். முக்காவாசி பயம்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அட மனுஷா, ஐந்து மாதம் உன் ரொட்டியை முழுங்க முடியாமல் முழுங்கினேனே! "நீங்களே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"நீயும்தான்" என்றார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "ஏத்தறதா, இறக்கறதா? யாராவது ஒருத்தர் வாயைத் திறங்கப்பா!"

நான் போனை எடுத்தேன். லாக்லன் தடுக்கவில்லை. "போடு. எனக்குக் கை வராது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விரெமு ஒரு மணி நேரத்தில் வந்தார். கன்றுகளுக்கு எந்தப் பால் என்று கேட்டார். எல்லாப் பசுவின் பாலும் கலந்து ஒரே தொட்டியில்தான் என்றார் லாக்லன். விரெமு எழுதிக்கொண்டார். போகும்போது என் கேட்டருகே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜூன்ல இவர் பசுங்க எல்லாம் சினையா இருந்துச்சு, ரேவின். அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, கன்னு விழுந்த உடனே பிரிச்சு, வேற பால் கொடுத்து வளர்க்க நான் மேல கேட்டுப் பார்த்திருப்பேன். பசுங்க போயிருக்கும். வம்சம் மிஞ்சியிருந்தாலும் மிஞ்சியிருக்கும்."

அன்றே மாட்டிய அவர் பலகையும் என் பலகையும் சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே தொங்கின. தபால் பெட்டி காலியாகவே கிடந்தது. நான் சீஸ் ரோல் செய்து அவர் பெட்டியில் வைத்தேன். மறுநாள் அது அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து விரெமு போன் செய்தார். "சோதனையில கிருமி உறுதியாயிடுச்சு. முதல்ல கன்னுங்களை நாளைக்கு எடுக்கறோம். லாக்லன் ஒரே ஒரு விஷயம் கேட்கறார். கோலை வேற யாரும் தொடக்கூடாதாம். நீங்கதான் வந்து படிக்கணுமாம்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, பலகை மாட்டியதற்குப் பிறகு முதல் தடவையாகச் சாலையைக் கடந்து அவர் கேட்டுக்குள் போனேன். லாக்லன் சரிவுப் பலகையின் அந்தப் பக்கம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கன்று வரும், நான் கோலை நீட்டுவேன், 'பீப்' என்று கேட்கும். உடனே அவர் கன்றின் தாய் பெயரைச் சொல்வார், தாய்க்குத் தாய் பெயரைச் சொல்வார். அவசரப்படவில்லை. லாரிக்காரரும் அவசரப்படுத்தவில்லை. முப்பத்தெட்டுக்கும் சொன்னார். கடைசியாக, காது தொங்கியது ஏறியது. அதன் தலையை ஒரு தடவை நிமிர்த்திப் பிடித்து, பிறகு விட்டார்.

கதவை அடைத்தார்கள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாம் பதிஞ்சாச்சா ரேவின்? எதுவும் விட்டுப் போகலையே?"

"இல்லை" என்றேன்.

தலையாட்டிவிட்டு, தொட்டியருகே போய் பூட்ஸைக் கழுவத் தொடங்கினார்.