இடுக்கில் கிடந்த ஆட்டுக்குட்டி

அந்தப் பழங்காலத்து ஜனங்களுக்கு ரோஷம் அதிகம் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டி பாதி வேலையை மிச்சம் பிடிப்போம் என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை. வீட்டுக்கு வீடு தனிச் சுவர். இரண்டு மண்சுவர்களுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடுக்கு. அதில் சாம்பல், உடைந்த சட்டி, தின்று போட்ட எலும்பு என்று இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் கொட்டிய குப்பையை, படித்துப் பட்டம் வாங்கிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கொத்துக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

அகழாய்வுக் குழுவில் அவளுக்கு எலும்பக்கா என்று பெயர். கிடைக்கிற எலும்பைப் பார்த்து இது ஆடு, இது மாடு, இது கிழடு, இது குட்டி என்று சொல்வது அவள் வேலை. இந்த ஒரு வருஷத்தில் ஆளும் எலும்பும் தோலுமாகிவிட்டதால் பெயர் இன்னும் பொருந்திப்போனது. அவனுக்கு மண்ணாங்கட்டி. எந்த மண் முதலில் விழுந்தது, எது காற்றில் வந்தது, எது கூடையில் வந்தது என்று அவன் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

இடுக்கு குறுகல். அருகருகே உட்கார முடியாது. அவன் கிழக்கு முனையிலிருந்தும் அவள் மேற்கு முனையிலிருந்தும் தோண்டி நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு. இருவருக்குமே அது சௌகரியமாகத்தான் இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து அவர்கள் மகள் சிட்டுவைக் கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது. அதே காய்ச்சலில் அவளும் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாள். எழுந்து நடக்க முடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் புதைத்துவிட்டு வந்து அவள் கட்டில் ஓரத்தில் நின்றான். "முடிஞ்சுது" என்றான். அதற்கப்புறம் சிட்டு என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அளவு நாடாவை எடு, வாளியை நகர்த்து, சாவி எங்கே, இவ்வளவுதான் சம்சாரம். நாளைக் காலையில் அவன் வேறு ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். திரும்பி வருவானா என்று யாரும் கேட்கவில்லை. வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

போகிறவனைப் பிடித்து நிறுத்தும் தெம்பு அவளுக்கு இல்லை. அவன் போவதற்குள் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். குழந்தையை எப்படிப் புதைத்தான்? அந்தச் சின்ன முகத்தின் மேல் மண் எப்படி விழுந்தது? கேள்வி தொண்டை வரை வரும். வாளியை நகர்த்துங்க என்று வெளியே வரும்.

அன்று காலை அவள் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னங்கால்கள் தெரிந்தன. சற்று நேரத்தில் அவன் பக்கத்தில் ஒரு குட்டியின் மண்டை. இருவரும் தனித்தனியாக எண் போட்டு எழுதிக்கொண்டார்கள். மேலே நின்ற குழுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டு குட்டி! பலி குடுத்திருக்காங்க. நாளைக்கே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன்."

அந்த மனுஷருக்கு எது கிடைத்தாலும் பலிதான். ஒரு முயல் கால் கிடைத்தாலும் பலி.

அவள் நடுவில் மிச்சமிருந்த மண்ணைத் தூரிகையால் தள்ளிக்கொண்டே போனாள். முதுகெலும்பு வரிசை கலையாமல் அவனை நோக்கிப் போயிற்று.

"ரெண்டு இல்ல சார், ஒண்ணுதான். தலை அவர்கிட்ட, கால் என்கிட்ட. எங்கயும் வெட்டு இல்ல. தானாத்தான் செத்திருக்கு."

தலைவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ வெறும் குப்பையா?" என்று அலுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

இப்போது நடுவில் மண் இல்லை. பல மாதங்களுக்கு அப்புறம் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"குப்பை இல்ல" என்றான் அவன், சுவரோரம் விட்டுவைத்த மண்ணை விரலால் தடவியபடி. அவளிடம் சொன்னானோ, மண்ணிடம் சொன்னானோ. "மேல பூராவும் சாம்பல், ஓடு, எலும்பு. குட்டியை ஒட்டி இருக்கிறது மட்டும் வேற. ஒரு கல் இல்ல, கட்டி இல்ல. யாரோ கையால உதிர்த்து உதிர்த்துப் போட்டிருக்காங்க."

அவளால் அடக்க முடியவில்லை.

"சிட்டு மேல எப்படிப் போட்டீங்க?"

அவன் விரலை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க. கல்லையெல்லாம் பொறுக்கினீங்களா? முதல் மண்ணு நீங்க போட்டீங்களா? ஊருல இருக்கிற மண்ணைப் பத்தியெல்லாம் வாய் ஓயாம பேசறீங்கல்ல?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் பாக்கல. குழிக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன். ஆளுங்கதான் மண்வெட்டியால தள்ளினாங்க. காதைப் பொத்திக்கிட்டேன். என்ன மண்ணு, ஈரமா காய்ஞ்சதா, எதுவும் எனக்குத் தெரியாது. நீ இதைத்தான் கேப்பேன்னு தெரியும். என்னன்னு வந்து சொல்லுவேன் உன்கிட்ட? அதான் வாயே திறக்கல."

யார் வீட்டு ஆட்டுக்குட்டிக்கோ கிடைத்த மண் தன் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கையில் இருந்த கரண்டியால் அவனை அடித்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. அடித்து என்ன ஆகப்போகிறது? காதைப் பொத்திக்கொண்டு ஒற்றை ஆளாக அங்கே நின்றவன்தான் இங்கேயும் உட்கார்ந்திருந்தான்.

"நீங்களும்தான் என்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றாள். "கடைசியில அவ பக்கத்துல நான்தானே இருந்தேன். என்ன சொன்னான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வேணாம்."

"கேளுங்க."

"வேணாம்மா. கேட்டா நீ சொல்லிடுவே."

"அப்பா வந்துட்டாரான்னு கேட்டா."

அன்று வெள்ளத்தில் பாலம் மூழ்கி, அவன் வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது.

"வந்துட்டார்னு சொன்னேன். வெளிய குடையை மடக்கிட்டு இருக்கார், இதோ உள்ள வரார்னு சொன்னேன். சரின்னுட்டு கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. அவளா கண்ணை மூடல. நான்தான் கையை நீட்டி மூடினேன்."

அவனிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரியே இல்லை. சுவரில் தலையை முட்டினான். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடியும் முட்டினான்.

அவனிடம் போக வேண்டும். சுற்றிப் போவதென்றால் மேலே ஏறி, கிழக்கு முனைக்கு ஓடி, அங்கே இறங்கி வர வேண்டும். நேராகப் போக நடுவில் குட்டி கிடந்தது. அதை இன்னும் வரையவில்லை, படம் எடுக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் ஓர் எலிப் பல்லைக்கூட அவள் கை தவறிக் கெடுத்தது கிடையாது.

எழுந்து முதுகெலும்பின் மேலேயே காலை வைத்தாள். நொறுங்கியது. அடுத்த காலை விலாவின் மேல் வைத்தாள். அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு அவன் போகத்தான் போகிறான், இதனாலெல்லாம் அது மாறாது என்று அவளுக்குத் தெரியும்.

"மெதுவாத்தான் போட்டிருப்பாங்கல்ல?" என்று அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்தபடி கேட்டான்.

"ஆமா" என்றாள். "மெதுவாத்தான் போட்டிருப்பாங்க."