அந்நியர் குலம்

பாமா எழுதிவைத்துப் போனது ஒரே ஒரு பக்கம். அதிலும் கடைசி வரி தப்பு.

பர்மாவில், இன்சீனில், மைமூன் சயாமா என்று எல்லாரும் அழைக்கும் ஆசிரியை பெரியவர்களுக்கு நடத்தும் தமிழ் வகுப்பில் ஆளுக்கொரு ஊர்ப்பெயரைப் பற்றி எழுத வேண்டும். தொகுத்து மலராகப் போடுவதாக ஏற்பாடு. தோழி ஒருத்தி அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போயிருந்ததால் பாமா அந்த நாட்டை எடுத்துக்கொண்டாள். டப்ளினுக்கு வடக்கே ஃபிங்கல் என்றொரு பழைய சீமை. ‘ஃபினே’ என்றால் குலம். ‘கால்’ என்றால் அந்நியர். முதலில் பழைய பிரான்சுக்காரர்களைக் குறித்த சொல்லாம். பிறகு கப்பலில் வந்து குடியேறிய வைக்கிங்குகள் அந்நியரானார்கள். அவர்கள் இருந்த மண்ணுக்கும் அதுவே பெயராயிற்று.

அதுவரை சரி. அதன் கீழே எழுதியிருந்தாள்: ‘இங்கே தெருவில் பர்மியர்கள் நம்மை அந்நியர் என்ற பொருளில் கலா என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.’

நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய் நாற்பது நாள் ஆகிறது. மலர் இன்று அச்சுக்குப் போக வேண்டும். முரளிதரன் தன் மனைவி பாமாவின் பக்கத்தை சயாமாவின் மேசைமேல் வைத்தான்.

“கடைசி வரி தப்பு, சயாமா. ரெண்டு சொல்லுக்கும் சம்பந்தமே இல்ல. அடிச்சிடலாம்.”

“காலேஜ் மாப்பிள்ளை வந்துட்டாருப்பா. பொஞ்சாதி எழுத்துல குத்தம் கண்டுபிடிக்க நாப்பது நாளா?”

“தப்பு தப்புதானே.”

“அடிச்சிடு, யாரு வேணாங்கிறா? மேல உள்ளதெல்லாம் அவ ஃபோன்ல பாத்து எழுதினது, தம்பி. அந்த ஒத்த வரிதான் அவளாச் சொன்னது.”

பேனாவை நீட்டினார். அவன் வாங்கினான். அடித்தால் பாமா அந்தப் பக்கத்தில் இல்லை. விட்டால் படிக்கிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நெடுநேரம் பேனா வரியின் மேலேயே நின்றது. பிறகு கீழே இறங்கி எழுதினான்:

‘இல்லை பாமா. ஓசை ஒத்தால் சொல் ஒன்றாகாது. இன்னொன்று, அவர்கள் அந்நியர் என்றதோடு விடவில்லை, குலம் என்றும் சேர்த்தார்கள். இங்கே அதைச் சேர்க்கவில்லை. நீ கவனிக்கவில்லை.’

சயாமா குனிந்து படித்தார்.

“என்ன இது, புருசன் பொஞ்சாதி சண்டை மாதிரி இருக்கு? இப்படியே போடவா?”

“போடுங்க.”

அவர் கை நீட்டினார். அவன் தாளைக் கொடுக்கவில்லை. பாமா ஒருநாளும் தோற்றதாக ஒப்புக்கொண்டவள் அல்ல. பதிலுக்கு ஒன்று வைத்திருப்பாள். அவன் எழுதியதற்குக் கீழே இன்னும் நான்கு விரல் இடம் வெள்ளையாகக் கிடந்தது. அடுத்த வரி அவளுடையது.

“தம்பி,” என்றார் சயாமா, “அச்சுக்காரன் காத்திருக்கான்.”