மாரப்பனின் மோட்டாரும் மேல்காற்றும்

“பொங்கலுக்கப்புறம் எடுத்த பதிவையெல்லாம் அழிச்சுடுங்க” என்று மேலதிகாரி ஜான்பீட்டர் போனில் சொன்னதும் யமுனா கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

வாழவந்தி நாடு என்னும் மலையூரில் இருந்த சின்ன ரேடார் நிலையம் அவள் பொறுப்பு. தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் விண்கல் தூசி எரிந்து விட்டுப்போகும் தடத்தைக் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. வெயில் சூட்டால் அங்கேயும் காற்று கடலின் ஏற்றவற்றம்போல தினமும் ஏறி இறங்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பொங்கல் கழிந்த இந்த ஒரு வாரமாக ஒரு விசித்திரம். ஒற்றைப்படைத் தேதியில் காற்று வடக்கே பாய்ந்தது. மறுநாள் தெற்கே திரும்பியது.

“பூமியையே சுத்தி வர்ற காத்து அலை சார் அது, ரெண்டு நாளைக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.”

“பக்கத்துக் கிணத்துல பொங்கல்லேருந்து பழைய மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அதோட மின்பொறி ரேடார்ல கிளப்புற இரைச்சல்தான் உங்க அலை. இல்லேன்னா இருபத்தொன்பதாம் தேதிக்குள்ள நிரூபிங்க.”

எதையும் விடாமல் குறித்துவைக்கும் பழக்கம் அவள் காலையே வாரிவிட்டது.

கிணறு பங்குக் கிணறு. ஒற்றைப்படைத் தேதி மாரப்பனின் முறை. இரட்டைப்படை அவர் அண்ணி பாப்பாயிக்கு. பாப்பாயியின் மோட்டார் புதுசு. மாரப்பனுடையது பொறி பறக்கும் கிழடு. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் யமுனா கிணற்றடிக்கே போய் மாரப்பனைப் பிடித்தாள்.

“நாளைக்கு உங்க முறையை அண்ணிக்கு விட்டுட்டு, நாளன்னைக்கிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க இறைங்க. வரிசை திரும்பிடும். மோட்டார்தான் குத்தம்னா அலையும் தேதி மாறணும்.”

“ஏனுங்க அம்மிணி, மானத்துல காத்தடிக்கறதுக்கு என்ற மிளகுக்கொடி காயோணுமா?”

பக்கத்தில் நின்ற பாப்பாயி கூடையை இறக்கினாள். “ஏனுங் கொழுந்தனாரே, எம்மவ கண்ணாலத்துக்கு ஒருநாள் மாத்திக் கேட்டப்ப முடியாதுன்னீங்க. இப்பக் காத்துக்கு மாத்துவீங்களாக்கும்!”

மாரப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மோட்டார் மேல பழி வந்திருக்குது அண்ணி. தொடைக்க வேண்டாமா? நாளைக்கு நீங்களே இறைச்சுக்கங்க.”

இருபத்துமூன்று. கிழட்டு மோட்டார் வாய் திறக்கவில்லை. காற்று வடக்கே பாய்ந்தது. மறுநாள் மோட்டார் ஊரைக் கூட்டியது. காற்று தெற்கே போனது. இருபத்தைந்தில் மறுபடி வடக்கு. அதற்குப் பிறகு யமுனாவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இருபத்தேழிலும் காற்று தேதி தவறாமல் வடக்கே வந்தது.

அவள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்ததும் ஜான்பீட்டர் போனில் கூப்பிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். “நான் தோத்துட்டேன். ஒண்ணையும் அழிக்காதீங்க. அந்த மோட்டாரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

இருபத்தெட்டாம் தேதி காலையில் அவள் மிளகுக்கொடிகளுக்கு நடுவே ஓடினாள். “உங்க மோட்டார் மேல குத்தமே இல்லீங்க! நிஜமாவே அலைதான்!”

மாரப்பன் மோட்டாரைக் கன்றுக்குட்டிபோல் தட்டிக்கொடுத்தார். “பாத்தீங்களா அண்ணி? மேல காத்துக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முறை. சரி, நாளைக்கும் நானே இறைச்சுக்கறேன், பழைய வரிசை வந்துரும்.”

“அதெப்படி? நாளைக்கு என்ற முறை” என்றாள் பாப்பாயி. “வேணும்னா இன்னொரு அலை வரட்டும், அப்பப் பாக்கலாம்.”