எட்டு நிமிடம் ஐம்பது வினாடி

ஏவுதளத்துத் தீயில் எரிந்து, அடக்கம் செய்ய ஒரு பித்தான்கூட மிஞ்சாமல் போன எர்மெக், பதினெட்டு நாள் கழித்து அடுத்த ராக்கெட் கிளம்பிய காலை பத்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தான். எட்டு நிமிடம் ஐம்பது வினாடி இருந்துவிட்டுப் போனான். அறுபத்தேழாம் வருடம் அக்டோபர் மாதம் அது; அந்த வாரம் ஊர்க் கடையில் வெங்காயம் கிடைக்கவில்லை. அவன் மனைவி ராய்ஹான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எரிபொருள் நிரப்பும் பிரிவின் உடுப்போடு வந்தவன், கை கழுவி, மேசை முன்னால் உட்கார்ந்து தேநீர் கேட்டான். அழுகிய மீன் போன்ற அந்த எரிபொருள் வாடை எப்போதும்போல அவன் மேல் இருந்தது. தான் செத்தது அவனுக்குத் தெரியவில்லை.

"சீக்கிரம் போகணும். மூணாம் குழாய் கசியுது. சொல்லியாச்சு. புரட்சி விழாவுக்கு முன்னாடி ஏவியே ஆகணும்ங்கிறாங்க" என்றான்.

மேலே ராக்கெட்டின் கடைசிக் கட்டம் எரிந்து அணைந்த நொடியில் நாற்காலி காலியானது. கிண்ணத்தில் பாதித் தேநீர் சூடாக இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு ராக்கெட் கிளம்பும்போதும் வந்தான். முதல் மூன்று வருகையையும் ராய்ஹான் அழுதே வீணாக்கினாள். பிறகு பழகிக்கொண்டாள். ரொட்டியை முன்கூட்டியே சுட்டு வைத்தாள். தேநீரைக் குடிக்கிற பதத்துக்கு ஆற்றி வைத்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்தாள். ஒருமுறை நாற்பத்தோராவது வினாடியிலேயே அவன் மறைந்து, கையிலிருந்த ரொட்டி தரையில் விழுந்தது. அன்றைய ராக்கெட் வானத்திலேயே வெடித்துவிட்டதாக மறுநாள் ஊரே குசுகுசுத்தது. எர்மெக் வந்துபோகும் சேதி எப்படியோ ஏவுதளத்துக்கு எட்ட, லாப்டெவ் என்ற மேஜர் விசாரிக்க வந்தார். அடுத்த ஏவுதலின்போது நிறுத்துகடிகாரத்தோடு அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவர் குறித்த நேரமும் தளத்துக் கருவிகள் காட்டிய நேரமும் அரை வினாடிகூட வித்தியாசப்படவில்லை. கசிந்த குழாயைப் பற்றி எர்மெக் சொன்னதையும் முதலில் எழுதிக்கொண்டார். செத்தவனின் அஜாக்கிரதைதான் விபத்துக்குக் காரணம் என்று அரசாங்க அறிக்கை ஏற்கெனவே வந்திருந்ததால், அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். அந்த வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தார். கொடுத்தார்கள். அதன்பின் பதினொரு வருடம், கருவிகளில் சந்தேகம் வரும்போதெல்லாம் தளத்திலிருந்து ராய்ஹானைக் கூப்பிட்டு, ஆள் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

எழுபதுகளில் வாரத்துக்கு ஒரு ராக்கெட் போனது. சில வாரம் மூன்று. ராய்ஹான் தன்னை விதவையாக நினைக்கவே இல்லை. ரயில்வேக்காரர் ஒருவர் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, வீட்டுக்காரர் வியாழக்கிழமை வருகிறார் என்று பதில் சொல்லி அனுப்பினாள். மேலே போனவை என்னென்ன, அவை யாரைப் பார்த்தன, எதை அளந்தன என்பதெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு நாடு உடைந்தது. தளம் ஒரு நாட்டின் மண்ணிலும் அதன் ராக்கெட்டுகள் இன்னொரு நாட்டின் கையிலும் மாட்டிக்கொள்ள, செலவை யார் ஏற்பது என்று இரண்டு தலைநகரங்களும் இழுத்துக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய்கள் வெடித்தன. பொறியாளர்கள் ரயில் நிலையத்தில் தக்காளி விற்றார்கள். தொண்ணூற்று மூன்றில் ஏழு மாதம் ஒரு ராக்கெட்டும் போகவில்லை. ராய்ஹான் எலும்பும் தோலுமானாள். இரண்டு தலைநகரங்களுக்கும் கடிதம் எழுதினாள். மனித குலத்தின் எதிர்காலம் விண்வெளியில்தான் இருக்கிறது என்ற வாக்கியத்தைப் பழைய செய்தித்தாளிலிருந்து பார்த்து எழுதினாள். ரொட்டிக்கே வழியில்லை, வானத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறான்கள் என்று ரயிலில் யாராவது பேசினால் சண்டைக்குப் போனாள். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் தங்கை அக்மரால், ரயிலில் ஓர் இரவும் லாரியில் ஒரு பகலும் போனால் வரும் புல்வெளியில் இருந்தாள். கழன்ற ராக்கெட்டின் அடிப்பாகங்கள் விழுவது அங்கேதான். ஆரம்பத்தில் அந்தத் தகட்டில் ஆட்டுக் கொட்டகை போட்டார்கள், குளிக்கத் தொட்டி செய்தார்கள். பிறகு விழுந்த இடத்தில் புல் மஞ்சளானது. ஆடுகள் நின்ற நிலையில் செத்தன. அக்மராலின் கணவன் ஸபிர், முப்பது வருடம் அங்கே ஆடு மேய்த்தவன், அவனும் மஞ்சளானான், கல்லீரல் என்றார்கள். தொண்ணூற்றாறின் வசந்தத்தில் அக்மரால் ஒரு மனுவோடு அக்காவிடம் வந்தாள். ஏவுவதை நிறுத்தச் சொல்லி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தளத்திலேயே உயிர்விட்டவனின் மனைவி ஒப்பமிட்டால் தட்டிக்கழிக்க முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ராய்ஹான் காகிதத்தைத் தொடவில்லை. "ராக்கெட் இல்லேன்னா உனக்கு டிவி ஏது, போன் ஏது? புயல் வருதுன்னு எவன் சொல்லுவான்?" என்றாள்.

"புயலைச் சொல்றான். எங்க தலையில எது எப்ப விழும்னு ஒரு நாளாவது சொன்னானா?"

"நின்னு போச்சுன்னா அவர் வரமாட்டாரு, அக்மரால்."

"ஒன்பது நிமிஷத்துக்காக என் புருஷன் சாகணுமா அக்கா?"

ராய்ஹான் ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அக்மரால் சாப்பிடாமல் போனாள்.

அடுத்த ஏப்ரலில் ஸபிர் இறந்தான். மறுநாள் அடக்கம் என்று தந்தி வந்தது. அவனை மண்ணில் வைப்பதற்குள் ராய்ஹானால் போய்ச் சேர முடியாதுதான். ஆனாலும் அன்று புறப்பட்டிருக்கலாம், அவள் புறப்படவில்லை. ஐந்து மாதமாக ஒரு ராக்கெட்டும் போகவில்லை; மறுநாள்தான் ஒன்று போவதாக இருந்தது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தொலைக்காட்சிச் செயற்கைக்கோளோடு. அவள் தலை வாரி, பட்டு முக்காடு போட்டுக் காத்திருந்தாள். எர்மெக் வந்தான். முப்பத்தொரு வயது முகம், புது உடுப்பு. வாசலிலேயே தயங்கி நின்றான்.

"அம்மா, ராய்ஹான் எங்க? வீட்ல இல்லையா?" என்றான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "தண்ணி எடுக்கப் போயிருக்கா. உக்காருப்பா" என்றாள். அவன் மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல், எட்டு நிமிடமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸபிரின் நாற்பதாம் நாளுக்கு ராய்ஹான் ரயிலேறினாள். தங்கை முகத்தைப் பார்க்காமல் முதலில் மனுவைக் கேட்டாள். அலமாரியிலிருந்து வந்த காகிதத்தில் பெயரை முழுசாக எழுதி ஒப்பமிட்டாள். "இனி நிக்கட்டும். கொண்டுபோய்க் கொடு" என்றாள்.

அக்மரால் அதை வாங்கி மடித்தாள். மீண்டும் அலமாரியிலேயே வைத்தாள்.

"போன வாரம் ஒண்ணு போச்சு இல்ல?" என்றாள். "அவரு வந்தாரு அக்கா. நாலு நிமிஷம். அடிப்பாகம் கழன்ற நேரத்துல வந்தாரு, தரையில விழுந்ததும் போயிட்டாரு. கையில ஒரு குட்டி ஆடு. மஞ்சளெல்லாம் தெளிஞ்சு, நல்லா இருந்தாரு."

ராய்ஹான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "உனக்கு வயசாகும். அவருக்கு ஆகாது. ஒரு நாள் உன்னை அடையாளம் தெரியாது" என்றாள்.

"ஆகட்டும். அடுத்தது எப்போ, அக்கா?"

ராய்ஹானுக்குத் தேதி தெரிந்திருந்தது. சொன்னாள்.

மனு எங்கும் போகவில்லை. அந்த வருடம் அந்தப் புல்வெளியில் பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களும் தத்தம் வீடுகளுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தந்த பணத்தில் ஏவுதல் மாதத்துக்கு இரண்டாயிற்று. மக்களின் எதிர்ப்பு தானாகவே அடங்கிவிட்டதாகச் செய்தித்தாள் எழுதியது. அது பொய்யும் அல்ல. இப்போது அங்கே கடைப் பலகையில் கோதுமை மாவின் விலைக்குக் கீழே அடுத்த ஏவுதலின் நாளும் நேரமும் சாக்கட்டியால் எழுதியிருக்கும். அந்த நாளில் பெண்கள் வீட்டைப் பெருக்கி, நாய்களைக் கட்டிப்போட்டு, கதவைத் திறந்து வைக்கிறார்கள்.