ஃப்ரீசரில் கிடந்த வாஷர்

"இங்க என்னம்மா சமைக்கிறீங்க? குக்கர் எல்லாம் வெச்சிருக்கீங்க!"

ஆய்வகத்தின் சன்னலில் தலையை நீட்டிக் கேட்டாள் நோயாளி ஒருத்தியின் அண்ணி. அவளுடைய நாத்தனாரின் சினைப்பைக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு உள்ளே இருந்தது.

"சதையைக் கண்ணாடித் தகட்டுல ஒட்டி இதுல அவிக்கணும். அப்பத்தான் சாயம் பிடிக்கும்," என்றாள் டெக்னீஷியன். இருபது வருடமாக அதோடு மல்லுக்கட்டுவதால் அவளுக்குக் 'குக்கர் அக்கா' என்றே பெயர்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ அவளுக்கு எட்டு வயசு. தலை வாரி வளத்ததே நான்தான். நாளன்னிக்கு ஆபரேஷன். ஆனா கட்டி சினைப்பையிலயே வந்ததா, குடல்லேர்ந்து பரவுனதான்னு நீங்க சொன்னாத்தான் கத்தியையே எடுப்பாங்களாம்."

"மத்தியானம் தெரிஞ்சிடும். உக்காருங்க."

மத்தியானம் ஆய்வகத்து டாக்டரம்மா நுண்ணோக்கியில் குனிந்தார். சினைப்பைக் கட்டி என்றால் அந்தச் சாயத்தில் செல்களின் உட்கரு பழுப்பாக வேண்டும்; இல்லையென்றால் நீலமாகவே நிற்கும்.

"ஒரு பொட்டு பழுப்பு இல்ல. அத்தனையும் நீலம். குடல் சமாசாரம் போலிருக்கு. ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லிடறேன்."

அவர் போனை எடுத்த நேரம், குக்கர் அக்கா ஐஸ் பையை வைக்க ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே ஒரு கறுப்பு வளையம். குக்கர் வாஷர்.

அதைக் கையில் எடுத்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நேற்று அது லொடலொடவென்று ஆடியது. கொஞ்சம் இறுகட்டும் என்று வீட்டுப் பழக்கத்தில் ஃப்ரீசரில் போட்டவள், காலையில் அதை மறந்து வெறும் மூடியைப் போட்டிருக்கிறாள். விசிலுக்குக் காத்திராமல் கடிகாரத்தை நம்பி லேபிள் எழுதப் போய்விட்டாள்.

"டாக்டரம்மா, போனை வைங்க."

"ஏன்?"

"வாஷர் போடாம அவிச்சிருக்கேன். ஓரத்துத் துண்டைப் பாருங்க."

ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் நல்ல சிறுநீரகத் துண்டு ஒன்றை ஒட்டுவது வழக்கம். அது பழுப்பாகாவிட்டால் சாயமே வேலை செய்யவில்லை என்று பொருள். டாக்டரம்மா தகட்டை நகர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் நீலம். முதல்ல இதைத்தான் பாத்திருக்கணும், நானும் பாக்கல. உன் வாஷரோட என் கண்ணையும் சேத்து ஃப்ரீசர்ல போடு."

"என் தப்புன்னு பதிவேட்டுல எழுதிடறேன்."

"ரெண்டு பேர் தப்புன்னு எழுது. மறுபடி ஏத்து."

இந்த முறை அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. விசில் வந்ததும் சன்னலில் மறுபடி அந்தத் தலை.

"காலையில இந்தச் சத்தம் கேக்கலையே?"

குக்கர் அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "கேட்டிருக்காது. வாஷர் போட மறந்துட்டேன். அதான் திரும்ப வெக்கிறேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் மறந்தா பருப்பு வேகாது, அவ்வளவுதான். நீ மறந்தா?"

"அதான் பக்கத்துலயே நிக்கிறேன்."

சாயங்காலம் சிறுநீரகத் துண்டு பழுப்பாகியிருந்தது. கட்டியும் பழுப்பு, பளிச்சென்று. டாக்டரம்மாவே சன்னலுக்கு வந்தார்.

"குடல்லேர்ந்து வந்ததில்லம்மா. சினைப்பையோடதுதான்."

"அப்போ புத்துநோய் இல்லையா?"

"அது இருக்கு. எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சிடுச்சு. சர்ஜன்கிட்ட பேசிட்டேன், தேதி மாறல."

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ நாளன்னிக்கு விடியறதுக்குள்ள வரணும். ஆபரேஷனுக்கு முன்னாடி அவ தலையை இறுக்கிப் பின்னி விடணும். வேற யாரு பின்னினாலும் அவளுக்கு நிக்காது."