பிளேடு படக் கூடாத முகம்

சலூன் வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இதுவரை ஒருத்தர் கன்னத்திலும் நான் கீறல் போட்டதில்லை. அந்தத் திமிர்தான் என் அண்ணன் தலையில் விடிந்தது.

அண்ணனுக்கு நாக்கில் புற்றுநோய். ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கழுத்தில் மறுபடி கட்டி வந்துவிட்டது. இந்த முறை வாரத்துக்கு ஒரு ஊசி. நோயைக் குறிவைத்துப் போகிற மருந்து என்றார் டாக்டர். முடி கொட்டாது என்றும் சொன்னார். உடனே அண்ணன், "உன் பொழப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லடா" என்று என்னை வாரினான்.

முடி கொட்டவில்லைதான். இரண்டாவது வாரம் முகமெல்லாம் சிவந்து, சீழ் வைத்த பருக்கள் கிளம்பின. விரல் நுனிகள் வெடித்து, அண்ணிதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. ஜவுளிக்கடையில் முப்பது வருடம் சிரித்த முகமாக நின்றவன், வீட்டுக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டான்.

நர்ஸ் மட்டும் பருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மருந்து பிடிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும் என்றார். களிம்பு தடவுங்கள், வெயிலில் போகாதீர்கள், முகத்தில் பிளேடு மட்டும் படவே கூடாது. பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்தான். அந்த மாதமே கட்டி பாதியாக வற்றியது என் விரலுக்குத் தெரிந்தது.

அப்போது பார்த்து, வெளியூரில் இருக்கிற அண்ணன் மகள் வருவதாகச் சொன்னாள். தாடியும் பருவுமாக அவள் முன்னால் நிற்க மாட்டேன், வழித்துவிடு என்று அண்ணன் அடம் பிடித்தான். அண்ணி வேண்டவே வேண்டாம் என்றாள். கண்டவன் கையா என் கை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

புது பிளேடு போட்டேன், வெந்நீர் ஒற்றினேன், பார்த்துப் பார்த்துதான் வழித்தேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் படிகாரக் கட்டியை எடுத்து அந்தப் புண்ணெல்லாம் தேய்த்தேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றான். மூன்றாம் நாள் முகம் வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. மகள் வந்து பார்த்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்க முடியாமல் கிடந்த அப்பாவை.

கிருமி அடங்கும் வரை ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து வாரம். பரு காய்ந்து உதிர்ந்தது, கட்டி வளர்ந்தது. மறுபடி ஆரம்பித்தபோது கட்டி மருந்துக்குக் கேட்கவே இல்லை. தினமும் காலையில் போய், ஒரு பருவாவது வந்திருக்கிறதா என்று அவன் கன்னத்தில் தேடினேன். கட்டி எப்படியும் மருந்துக்கு மசியாமல் போயிருக்கலாம், உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். அந்த ஐந்து வாரத்தை அவரால் திருப்பித் தர முடியுமா?

நேற்று அண்ணன் கண்ணாடிமேல் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். மருந்தை நிறுத்தியாகிவிட்டது, இனி ஷேவ் செய்யலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். வழித்தேன். கன்னம் கல்யாண மாப்பிள்ளைக்கு இருப்பதுபோல மழமழவென்று இருந்தது. தாடைக்குக் கீழே மட்டும் கட்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"படிகாரம் எங்கடா?"

"தூக்கிப் போட்டுட்டேண்ணே."

கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "நான் கேட்டுத்தானேடா பண்ணே" என்றான்.

கேட்டது அவன்தான். முடியாது என்று சொல்ல வேண்டியவன் நான்.